வீட்டில் சாக்லேட் பை: புட்டு மாவுப் பதம், கூழ்ப் பதம்

புட்டுக்கு மாவு பிசிறத் தெரிந்து, ராகிக் கூழைக் கட்டி தட்டாமல் காய்ச்சவும் தெரிந்தால் சாக்லேட் பை செய்வதில் முக்கால்வாசி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். கீழே இருக்கும் மாவு புட்டு மாவுப் பதத்தில் பிசிறுவது, உள்ளே இருக்கும் சாக்லேட் கூழைப் போலக் காய்ச்சுவது. புதிதாகப் பழக வேண்டியது ஓவனும், ஆறும்வரை அதைத் தொடாமல் இருப்பதும்தான். கேக் செய்து சரியாக வராமல் ஓவனை மூடி வைத்திருப்பவர்கள் நிறையப் பேரை எனக்குத் தெரியும். அவர்களிடம் நான் பையில் ஆரம்பிக்கத்தான் சொல்வேன், ஏனென்றால் இதில் எதுவும் உப்பி எழ வேண்டியதில்லை, நடுவில் அமுங்கிப் போகுமோ என்ற பயமும் இல்லை.

பை என்பதை உச்சரிப்பது நம் துணிப்பையைப் போலவேதான். மாவை அகலக் கிண்ணம் மாதிரி வார்த்து அதற்குள் ஏதாவது இனிப்போ காரமோ நிரப்பினால் அது பை. அமெரிக்காவில், அதிலும் தென் மாநிலங்களில், வீட்டு விருந்துக்குச் செய்யும் சாக்லேட் பை பெரும்பாலும் ஒரே முறைதான்: மாவுக் கிண்ணத்தைத் தனியாகச் சுட்டு எடுத்து, அடுப்பில் காய்ச்சிய சாக்லேட் கஸ்டர்டை அதில் ஊற்றிக் குளிரவைத்து, மேலே அடித்த கிரீமோ, முட்டை வெள்ளைக்கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்த மெரிங்கோ வைப்பார்கள். வேறு வகைகளும் உண்டு. பிரெஞ்சு சில்க் பை என்று ஒன்று இருக்கிறது, பெயரில்தான் பிரான்ஸ், மற்றபடி அது 1951ல் அமெரிக்காவில் நடந்த பில்ஸ்பரி என்ற மாவு நிறுவனத்தின் பேக்கிங் போட்டியின் வழியாகப் பேர் வாங்கியது. பழைய முறையில் அதில் முட்டையைப் பச்சையாகவே அடித்துச் சேர்ப்பார்கள். நம் ஊர் வெயிலில் அது வேண்டாம். அடுப்பில் கொதிக்கக் காய்ச்சுகிற கஸ்டர்ட் வகைதான் முதல் தடவைக்குச் சரி, இங்கே சொல்லப்போவதும் அதுதான்.

முதலில் சாமான்கள்

டின் 22 அல்லது 23 சென்டிமீட்டர் அகலம், சுமார் 3 சென்டிமீட்டர் உயரம். அலுமினியப் பை டின் கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் அடி கழலும் டார்ட் டின். அதுவும் இல்லையென்றால் சாதாரண வட்ட கேக் டின்னில் மாவைப் பாதி உயரத்துக்கு ஏற்றிவிட்டுச் செய்யலாம். எவர்சில்வர் தட்டு வேண்டாம், எவர்சில்வரில் சூடு மெதுவாகத்தான் பரவும், ஓரம் சிவந்த பிறகும் அடி வெளுத்தே இருக்கும். கண்ணாடிப் பாத்திரம் அழகுதான், ஆனால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ந்த கண்ணாடியை நேராகச் சூடான ஓவனில் வைத்தால் விரிசல் விடக்கூடும், அதனால் முதல் தடவை உலோகமே போதும்.

க்ரஸ்டுக்கு, அதாவது அந்த மாவுக் கிண்ணத்துக்கு: மைதா 170 கிராம், வெண்ணெய் 100 கிராம், சர்க்கரை ஒரு டீஸ்பூன், ஐஸ் தண்ணீர் மூன்றிலிருந்து நான்கு டேபிள்ஸ்பூன். கடையில் 100 கிராம் பாக்கெட்டாக விற்கும் உப்பு வெண்ணெயே போதும், ஒரு பாக்கெட் முழுசாகப் போய்விடும், தனியாக உப்பு சேர்க்க வேண்டாம். உப்பில்லாத வெண்ணெய் என்றால் கால் டீஸ்பூன் உப்பு.

கஸ்டர்டுக்கு: முழுக் கொழுப்புப் பால் 600 மி.லி. (பாக்கெட்டில் கொழுப்பு 6 சதவீதம் என்று போட்டிருக்கும்), சர்க்கரை 120 கிராம், கார்ன்ஃப்ளார் 35 கிராம், கோகோ பவுடர் 15 கிராம், மூன்று முட்டையின் மஞ்சள் கரு, டார்க் சாக்லேட் 120 கிராம், வெண்ணெய் 25 கிராம், வெனிலா எசன்ஸ் ஒரு டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. முட்டை சேர்க்காதவர்கள் மஞ்சள் கருவை விட்டுவிட்டு கார்ன்ஃப்ளாரை 45 கிராமாக ஆக்கிக்கொள்ளுங்கள், இன்னொரு 15 கிராம் வெண்ணெயும் சேர்த்தால் அந்த வழவழப்பு ஓரளவு வந்துவிடும். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை என்றால் இந்த வகைதான்.

கார்ன்ஃப்ளார் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்கக் குறிப்புகளில் கார்ன்ஸ்டார்ச் என்று எழுதியிருப்பது நம் கடைகளில் கார்ன்ஃப்ளார் என்று விற்கும் வெள்ளை மாவைத்தான், விரலால் தேய்த்தால் நறநறவென்று சத்தம் வருமே, அது. மஞ்சளாக இருக்கும் மக்காச்சோள மாவு இதற்கு ஆகாது. அதே மாதிரி, அந்தக் குறிப்புகளில் ஒரு ஸ்டிக் வெண்ணெய் என்றால் 113 கிராம், 350 டிகிரி என்றால் அது ஃபாரன்ஹீட், நம் ஓவனில் 175 என்று வைத்துக்கொள்ளுங்கள். கப் அளவு ஆளுக்கு ஆள் மாறும், மாவை அமுக்கி எடுத்தால் ஒரு கப்புக்கே 20, 30 கிராம் கூடிவிடும். ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கி வைத்துக்கொள்வது ஓவன் வாங்குவதைவிட முக்கியம் என்றே நான் நினைக்கிறேன்.

சாக்லேட் வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். பேக்கரிச் சாமான் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பெரிய பாளங்கள் காம்பவுண்ட் சாக்லேட், அதில் கோகோ பட்டருக்குப் பதிலாகத் தாவர எண்ணெய்க் கொழுப்பு இருக்கும். பைக்கு அதையும் போடலாம், கெட்டுப்போகாது. ஆனால் நாக்கில் மெழுகு மாதிரி ஒரு படிமானம் நிற்கும், குளிரக் குளிர அது இன்னும் கூடுதலாகத் தெரியும். சேர்ப்பது 120 கிராம்தான், அதனால் கோகோ பட்டர் என்று போட்டிருக்கிற, 50 சதவீதத்துக்கு மேல் கோகோ உள்ள ஒரு பாரை வாங்குவதே நல்லது. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கோகோ விளைகிறது, அங்கே விளைந்ததை வைத்துச் செய்யும் சாக்லேட்டுகளும் இப்போது கிடைக்கின்றன, அதில் ஒரு தடவை செய்து பாருங்கள், லேசான பழப் புளிப்பு பையில் அருமையாகத் தெரியும்.

க்ரஸ்ட்: பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும்

நம் கைக்குப் பழகிய ஒரு வேலையை இங்கே மறக்க வேண்டும். சப்பாத்திக்கும் பரோட்டாவுக்கும் மாவை எவ்வளவு அடித்துப் பிசைகிறோமோ அவ்வளவு நல்லது. மைதாவில் தண்ணீர் பட்டுப் பிசையப் பிசைய குளூட்டன் என்ற பசை வலை மாதிரி உருவாகும், பரோட்டா இழுபடுவது அதனால்தான். பைக்கு அந்த இழுவை வந்தால் க்ரஸ்ட் தோல் மாதிரி ஆகிவிடும், ஓவனில் சுருங்கி டின்னை விட்டுக் கீழே இறங்கவும் செய்யும். அதனால் பிசையவே கூடாது, பிசிற வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது விஷயம் குளிர்ச்சி. வெண்ணெய் மாவுக்குள் சின்னச் சின்னத் துணுக்காக, உருகாமல் இருக்க வேண்டும். ஓவன் சூட்டில் அந்தத் துணுக்குகள் உருகி, அதிலிருக்கும் தண்ணீர் ஆவியாகி, மாவை ஏடு ஏடாகப் பிரிக்கும். முன்னாலேயே உருகிவிட்டால் மாவு எண்ணெய் குடித்த மாதிரி ஆகிக் கெட்டியாக வெந்துவிடும். வெண்ணெய் 32, 35 டிகிரிக்குள் உருகிவிடும் என்பதை நினைவில் வையுங்கள், மதுரையில் மே மாதத்து அடுக்களை மதியம் அதைவிடச் சூடாகவே இருக்கும். எனவே இந்த வேலையைக் காலை ஆறு மணிக்கே செய்துவிடுங்கள், அடுப்பில் வேறு எதுவும் ஏற்றுவதற்கு முன்னால். மைதாவை அளந்து பாத்திரத்தோடு ஃப்ரீசரில் 15 நிமிடம் வையுங்கள். வெண்ணெயை முதல் நாள் இரவே ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள்.

காலையில் அந்தக் கல் மாதிரி இருக்கும் வெண்ணெயை மைதாவில் ஒரு புரட்டுப் புரட்டி, காய் துருவியின் பெரிய கண்ணில் நேராக மாவுக்குள்ளேயே துருவுங்கள். கை வைத்து வெண்ணெயைத் தேய்த்து உதிர்ப்பதுதான் வழக்கமான முறை, ஆனால் நம் ஊர்ச் சூட்டில் விரல் பட்டாலே வெண்ணெய் இளகிவிடுகிறது, துருவுவது அந்தப் பிரச்சினையைத் தீர்த்துவிடும். கொஞ்சம் துருவியதும் ஒரு ஸ்பூனால் மாவைப் புரட்டிவிடுங்கள், இழைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் மாவு பூசிக்கொள்ளும். முழுவதும் துருவி முடித்ததும் பார்த்தால் துருவிய தேங்காயில் மாவு தூவிய மாதிரி இருக்கும். சர்க்கரையைச் சேர்த்து ஒரு கிளறு.

இப்போது தண்ணீர். ஐஸ் கட்டி போட்ட தண்ணீரிலிருந்து முதலில் மூன்று ஸ்பூன், சுற்றி வரத் தெளியுங்கள். விரல் நுனியால் பிசிறுங்கள். ஒரு கைப்பிடி எடுத்து அமுக்கிப் பாருங்கள், கொழுக்கட்டை மாதிரி பிடிபட வேண்டும், கட்டைவிரலால் தட்டினால் உதிர்ந்துவிட வேண்டும். அப்படியே புட்டு மாவுதான். பிடிபடவில்லை, வறண்டு உதிர்கிறது என்றால் இன்னும் ஒரு ஸ்பூன். பாத்திரத்தின் அடியில் கொஞ்சம் உலர்ந்த மாவு மிச்சம் இருந்தாலும் பரவாயில்லை, ஃப்ரிட்ஜில் இருக்கும்போது ஈரம் தானாகப் பரவிவிடும். உருண்டை பளபளப்பாக, வழுவழுப்பாக ஆகும்வரை பிசையத் தோன்றும், அந்த ஆசையை அடக்குங்கள். ஒரு பாலித்தீன் உறையில் மொத்தத்தையும் கொட்டி, வெளியிலிருந்து அமுக்கி ஒரு தட்டையான வட்டமாக்கி, ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம்.

தேய்ப்பதற்கு இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவில் வைத்துச் சப்பாத்திக் கட்டையால் நடுவிலிருந்து வெளியே தேய்த்து, காகிதத்தோடு கால் திருப்புத் திருப்பி மறுபடி தேயுங்கள். இரண்டு சப்பாத்தியை அடுக்கினால் என்ன கனமோ அந்தக் கனம், டின்னைவிட நாலு விரல் அகலம் கூடுதலாக இருந்தால் ஓரத்துக்கும் வரும். மாவில் ஆங்காங்கே மஞ்சளாக வெண்ணெய்த் திட்டுகள் தெரியும், அது தெரிந்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள். மேல் காகிதத்தை உரித்துவிட்டு டின்னின் மேல் கவிழ்த்து, ஓரத்தைத் தூக்கித் தூக்கி மூலைக்குள் இறக்குங்கள். இழுத்து நீட்டாதீர்கள், இழுத்தது எல்லாம் ஓவனில் திரும்பச் சுருங்கும். கிழிந்தால் ஒரு துண்டு மாவை ஒட்டி அமுக்கிவிடுங்கள், தோசையில் விழும் ஓட்டையை அடைப்பதைவிடச் சுலபம். ஓரத்தை விரலால் கிள்ளிச் சோமாஸுக்கு மடிப்பது மாதிரி மடித்தால் பார்க்க லட்சணமாக இருக்கும். அடி முழுக்க முள் கரண்டியால் குத்தி, டின்னோடு ஃப்ரீசரில் 20 நிமிடம்.

அந்த 20 நிமிடத்தில் ஓவனைச் சூடாக்குங்கள். ஓ.டி.ஜி. (மேசை மேல் வைக்கும் மின்சார ஓவன்) என்றால் மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் எரியும் நிலையில் 200 டிகிரி, குறைந்தது 15 நிமிடம். பெரிய ஓ.டி.ஜி.க்கள் 1500 வாட்டுக்கு மேல் இழுக்கும், ஏ.சி.க்குப் போடும் 15 ஆம்பியர் ப்ளக்கில்தான் போட வேண்டும், வீட்டு இன்வெர்ட்டரில் ஓடாது, ஆகவே கரண்ட் எப்போது போகும் என்று தெரிந்துவைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். மைக்ரோவேவ் கன்வெக்ஷன் ஓவனாக இருந்தால் கன்வெக்ஷன் நிலையில் 180 போதும், மைக்ரோவேவ் நிலையில் இதைச் செய்ய முடியாது, உலோக டின்னை அதில் வைக்கவும் கூடாது.

வெறும் மாவை அப்படியே உள்ளே வைத்தால் நடுவில் பூரி மாதிரி உப்பும், ஓரம் சரியும். அதற்கு ஒரு பட்டர் பேப்பரைக் கசக்கி விரித்து மாவின் மேல் போட்டு, அரைக் கிலோவுக்குக் குறையாமல் கொண்டைக்கடலையோ ராஜ்மாவோ கொட்டி, ஓரம்வரை பரப்புங்கள். 18 நிமிடம். வெளியே எடுத்துக் காகிதத்தின் நான்கு மூலையையும் பிடித்துக் கடலையைத் தூக்கிவிடுங்கள், அடி இன்னும் வெளுப்பாக, ஈரமாக இருக்கும். சூட்டை 180க்குக் குறைத்து இன்னும் 10 முதல் 12 நிமிடம், நெய் பிஸ்கட் நிறம் வரும்வரை. நிறம் பார்த்துத்தான் எடுக்க வேண்டும், கடிகாரத்தைப் பார்த்து அல்ல, ஒவ்வொரு ஓவனும் ஒவ்வொரு மாதிரி. ஓரம் மட்டும் முன்னதாகச் சிவந்தால் அலுமினிய ஃபாயிலை ஒரு வளையமாகச் சுற்றிவிடுங்கள். அந்தக் கடலை இனி சுண்டலுக்கு ஆகாது, ஆறவைத்து ஒரு டப்பாவில் போட்டு, பைக் கடலை என்று எழுதிவைத்தால் வருடக்கணக்கில் இதற்கே பயன்படும்.

எடுத்த உடனே சூட்டோடு சூடாக, பிரித்து வைத்திருக்கும் முட்டை வெள்ளைக்கருவில் கொஞ்சத்தை அடியில் பிரஷ்ஷால் தடவி இன்னும் இரண்டு நிமிடம் ஓவனில் வையுங்கள். ஒரு மெல்லிய பூச்சு மாதிரி காய்ந்து, கஸ்டர்டின் ஈரம் உள்ளே இறங்காமல் தடுக்கும். முட்டை வேண்டாமென்றால் ஆறிய பிறகு ஒரு ஸ்பூன் உருக்கிய சாக்லேட்டைத் தடவிக் காயவிடுங்கள், எனக்கு அதுதான் இன்னும் பிடிக்கும்.

இவ்வளவு மெனக்கெட நேரமில்லை என்றால் பிஸ்கட் அடி. டைஜெஸ்டிவ் அல்லது மேரி பிஸ்கட் 220 கிராம் பொடித்து, உருக்கிய வெண்ணெய் 100 கிராம் கலந்து, ஒரு தட்டையான டம்ளரின் அடியால் டின்னில் அழுத்தி, 175 டிகிரியில் 10 நிமிடம் சுட்டு ஆறவிட்டால் முடிந்தது. மேரி கொஞ்சம் வறட்சி, ஒரு ஸ்பூன் வெண்ணெய் கூடப் பிடிக்கும். குழந்தைகளோடு சேர்ந்து செய்வதற்கு இதுதான் தோது.

கஸ்டர்ட்: குமிழ் வரட்டும்

என் முதல் பையை அக்கா மகள் பிறந்தநாளுக்காகச் செய்தேன். ராத்திரி பார்த்தபோது கஸ்டர்ட் அழகாகக் கெட்டியாக இருந்தது, ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் படுத்தேன். மறுநாள் சாயங்காலம் எல்லோரும் சுற்றி நிற்க, குழந்தை கத்தியை வைத்ததும் உள்ளிருந்து சாக்லேட் பாயசம் மாதிரி வழிந்து தட்டெல்லாம் பரவியது. குழந்தை ஸ்பூனால் வழித்துச் சாப்பிட்டுவிட்டாள், எனக்குத்தான் மனசே ஆறவில்லை. கெட்டியானதை என் கண்ணால் பார்த்தேனே, ராத்திரிக்குள் எப்படி இளகியது என்று பல நாள் தேடிப் படித்த பிறகுதான் காரணம் புரிந்தது.

முட்டை மஞ்சள் கருவில் அமிலேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. நம் எச்சிலில் இருப்பதும் இதே குடும்பம்தான், மாவுச்சத்தை உடைப்பது அதன் வேலை. கஸ்டர்ட் கெட்டியாக ஆரம்பித்ததும் நான் பயந்து அடுப்பை அணைத்துவிட்டேன், அந்தச் சூட்டில் நொதி சாகவில்லை. ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜுக்குள் இருந்துகொண்டு கார்ன்ஃப்ளார் கட்டிய கட்டை அவிழ்த்துவிட்டது. கஸ்டர்ட் குமிழ் விட்டுக் கொதித்து, அந்தக் கொதியில் ஒன்றிரண்டு நிமிடம் இருந்தால் நொதி செயலிழந்துவிடும். முட்டையைக் கொதிக்கவிட்டால் திரிந்துவிடும் என்ற பயம் சாதாரண முட்டைக் கஸ்டர்டில் சரி, ஆனால் கார்ன்ஃப்ளார் சேர்ந்த கஸ்டர்டில் அந்த மாவு முட்டைக்குக் காவலாக இருக்கும், கிளறிக்கொண்டே இருந்தால் திரியாது.

இப்போது செய்முறை. அடிகனமான பாத்திரம் ஒன்றை எடுத்து, அடுப்பில் ஏற்றாமலே சர்க்கரை, கார்ன்ஃப்ளார், கோகோ, உப்பு எல்லாவற்றையும் போட்டு உலர்வாகவே விஸ்க்கால் (முட்டை அடிக்கும் கம்பிக் கருவி) கலந்துவிடுங்கள். சர்க்கரை இடையில் புகுந்து மாவைப் பிரித்து வைப்பதால் கட்டி தட்டாது. அப்புறம் குளிர்ந்த பாலில் கால் டம்ளர் மட்டும் ஊற்றிப் பசையாகக் கரையுங்கள், கூழுக்கு மாவு கரைப்போமே, அதே மாதிரி. கோகோ சட்டென்று நனையாது, மேலே மிதந்து அடம்பிடிக்கும், பாத்திரத்தின் ஓரத்தில் தேய்த்துத் தேய்த்துக் கரைக்க வேண்டும். பசை பளபளவென்று ஆனதும் மீதிப் பாலை ஊற்றுங்கள். மஞ்சள் கருவைத் தனியாக ஒரு கிண்ணத்தில் அடித்து வையுங்கள்.

மிதமான தீ. விஸ்க்கை எடுத்தால் கீழே வைக்காதீர்கள், போன் அடித்தாலும் எடுக்காதீர்கள். முதல் ஐந்தாறு நிமிடம் ஒன்றுமே நடக்காது, வெறும் சாக்லேட் பால்தான். தீயைக் கூட்டத் தோன்றும், கூட்ட வேண்டாம். பிறகு விஸ்க்கை இழுக்கும்போது கைக்கு ஒரு சின்ன எதிர்ப்புத் தெரியும், பாத்திரத்தின் அடியோரத்தில் முதலில் கெட்டிப்படும், அந்த ஓரத்தை விஸ்க் தொடாது, ஒரு மரக் கரண்டியால் அவ்வப்போது சுரண்டிவிடுங்கள்.

லேசாகக் கெட்டிப்பட ஆரம்பித்ததும் தீயைக் குறைத்து, இரண்டு கரண்டி சூடான பாலை எடுத்து மஞ்சள் கருவில் மெல்லிய தாரையாக ஊற்றிக்கொண்டே அடியுங்கள். கரு வெதுவெதுப்பானதும் அதைத் திரும்பப் பாத்திரத்தில் ஊற்றிக் கிளறுங்கள். நேராக மஞ்சள் கருவைக் கொதிக்கும் பாலில் கொட்டினால் முட்டைப் பொரியல்தான் கிடைக்கும்.

இனி குமிழுக்காகக் காத்திருங்கள். விஸ்க்கை ஐந்து நொடி நிறுத்திப் பாருங்கள். மேலே ஒரு இடம் மெதுவாகத் தடித்து, பெரிய குமிழாக எழும்பி, ‘ப்ளக்’ என்று வெடித்து ஒரு குழி விடும். கூழ் கொதிக்கும்போது கையில் தெறிக்குமே, அதே குமிழ். நுரைக் குமிழ் கணக்கில்லை, இந்தக் கனத்த குமிழ்தான் கணக்கு. அதைப் பார்த்த நேரத்திலிருந்து இரண்டு நிமிடம் கிளறிக்கொண்டே கொதிக்க விடுங்கள். விஸ்க் போன தடம் இரண்டு நொடி அப்படியே நின்று பிறகு மூட வேண்டும். கரண்டியின் பின்புறம் விரலால் கோடு போட்டால் கோடு கலையாமல் நிற்க வேண்டும். முட்டை சேர்க்காதவர்களும் இந்தக் கொதியை விட்டுவிடக் கூடாது, கார்ன்ஃப்ளாரின் பச்சை வாடை போவதற்கும் முழு கெட்டி பிடிப்பதற்கும் அது வேண்டும்.

அடுப்பை அணைத்துவிட்டு, பொடியாக நறுக்கிய சாக்லேட், வெண்ணெய், வெனிலா. இங்கே நான் ஒரு டீஸ்பூன் முதல் டிகாக்ஷனும் சேர்ப்பேன், காபி வாசம் வராது, சாக்லேட்டின் கசப்பு மட்டும் ஆழமாகும். ஒரு நிமிடம் சும்மா விட்டு, பிறகு கிளறினால் சாக்லேட் தானே கரைந்து, மங்கலாக இருந்த கஸ்டர்ட் எண்ணெய் தேய்த்த தலைமுடி மாதிரி மினுங்கும். அந்த மாற்றத்தைப் பார்க்க எனக்கு இன்னும் அலுக்கவில்லை. பெரிய கண் வடிகட்டியில் ஊற்றிக் கரண்டியால் அழுத்தி வடித்துவிடுங்கள், எங்காவது கட்டி இருந்தாலும் முட்டை நூல் இருந்தாலும் நின்றுவிடும்.

ஆறவைத்தல்

ஐந்து நிமிடம் ஆறவிட்டு, முழுவதும் ஆறிய க்ரஸ்டில் ஊற்றுங்கள். க்ரஸ்ட் சூடாக இருந்தால் ஆவி அடியில் தங்கி நமத்துவிடும். மேலே சமன்செய்து, ஒரு பட்டர் பேப்பரையோ க்ளிங் ஃபிலிமையோ கஸ்டர்டின் மேலேயே ஒட்டிப் படியுமாறு போடுங்கள், அப்போதுதான் பாலாடை மாதிரி தோல் கட்டாது. எங்கள் வீட்டில் அந்தத் தோலுக்காகவே சண்டை நடக்கும், அது வேண்டுமென்றால் மூடாமல் விடுங்கள்.

பாலும் முட்டையும் சேர்ந்ததை வெளியில் ரொம்ப நேரம் வைக்கக் கூடாது, இரண்டு மணி நேரம்தான் எல்லை, 32 டிகிரிக்கு மேல் வெயில் இருக்கும் நாளில் ஒரு மணி நேரம். வெதுவெதுப்பு வந்ததும் ஃப்ரிட்ஜில் வையுங்கள், குறைந்தது ஐந்து மணி நேரம், ராத்திரி முழுக்க என்றால் இன்னும் நல்லது. ஃப்ரிட்ஜில் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பையில் இருக்கும் கொழுப்பு பக்கத்து வாசனையை உறிஞ்சிவிடும், பலாச்சுளை டப்பாவும் மீன்குழம்பும் இருக்கும் தட்டில் வைத்தால் பையும் அதே வாசம்தான் அடிக்கும். ஒரு பெரிய பாத்திரத்தைக் கவிழ்த்து மூடிவிடுவது என் வழக்கம்.

மேலே வைப்பதற்கு கிரீம் வேண்டுமென்றால் கொழுப்பு 30 சதவீதத்துக்கு மேல் போட்டிருப்பதை வாங்குங்கள். குருமாவுக்கு வாங்கும் 25 சதவீத ஃப்ரெஷ் கிரீமை எவ்வளவு அடித்தாலும் நிற்காது. 200 மி.லி. கிரீம், அடிக்கும் பாத்திரம், பீட்டர் மூன்றையும் ஃப்ரிட்ஜில் குளிரவைத்து, இரண்டு ஸ்பூன் பொடித்த சர்க்கரையோடு அடித்தால் மூன்று நான்கு நிமிடத்தில் முகடு நிற்கும். அதற்கு மேல் அடித்தால் வெண்ணெய் திரண்டுவிடும். கிரீமை வெட்டுவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் வைப்பதுதான் நல்லது. எதுவும் இல்லாமல் மேலே கொஞ்சம் கோகோ சலித்துத் தூவியும் கொடுக்கலாம், கசப்பு பிடித்தவர்களுக்கு அதுதான் உசத்தி.

கத்தியைக் கொதிநீரில் முக்கித் துடைத்து வெட்டுங்கள், ஒவ்வொரு வெட்டுக்கும் துடைக்க வேண்டும். முதல் துண்டு எடுக்கும்போது உடையும், எல்லோருக்கும் உடையும், அதைச் செய்தவர் சாப்பிட்டுவிடலாம். இரண்டாவது துண்டிலிருந்து அடியோடு முக்கோணமாக வரும். எட்டுத் துண்டு தாராளமாக ஆகும், கனமான இனிப்பு என்பதால் பத்தாகவும் போடலாம்.

மிஞ்சினால் ஃப்ரிட்ஜில் மூன்று நாள். ஃப்ரீசரில் வைக்காதீர்கள், கார்ன்ஃப்ளார் கஸ்டர்ட் உறைந்து உருகினால் தண்ணீர் விட்டுப் பஞ்சு மாதிரி ஆகிவிடும்.

சரி, தப்பு நடந்தால் என்ன செய்வது? காய்ச்சும்போதே கட்டி தட்டிவிட்டால் மிக்ஸியில் ஊற்றாமல் வடிகட்டியில் தேய்த்து எடுங்கள், கெட்டியான கஸ்டர்டை மிக்ஸியில் அடித்தால் கட்டு உடைந்து இளகிப்போகும். அடிப்பிடித்துவிட்டால் சுரண்டாமல் மேலே இருப்பதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றி ருசி பாருங்கள், தீய்ந்த வாடை ஏறியிருந்தால் சாக்லேட்டை வீணாக்காமல் அங்கேயே நிறுத்தி, பாலிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள், சாக்லேட் கடைசியில் சேர்ப்பதன் லாபம் அது. க்ரஸ்ட் சுருங்கிக் கிண்ணம் ஆழமில்லாமல் போனால் பிடிக்கும் அளவு ஊற்றிவிட்டு மீதியை டம்ளர்களில் ஊற்றிக் குளிரவையுங்கள். மறுநாள் கஸ்டர்ட் இளகியே இருந்தால் அதை வெட்டப் பார்க்காமல், க்ரஸ்டை உடைத்து அடுக்கடுக்காகக் கிண்ணங்களில் போட்டுக் கொடுங்கள், குழந்தைகள் அதையே திரும்பக் கேட்பார்கள். அக்கா மகள் இன்றைக்கும் அதைத்தான் கேட்கிறாள், அவளுக்காக ஒரு கிண்ணத்தில் க்ரஸ்டை நொறுக்கிப் போட்டு, மேலே சூடான கஸ்டர்டைத் தனியாக ஊற்றி வைக்கிறேன்.